கரண்டு அடுப்பின் மேல் குற்றமில்லை!



"காலங்காத்தால விறகைப் பத்த வச்சு ஊதிக்கிட்டு கிடந்த காலம் போச்சுங்க. இப்ப சுவிச்சைத் தட்டினா சூடாகுது. பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பசியாறலும் ஆச்சு, பகல் சாப்பாடும் ஆச்சு." நம் லயத்துத் தாய்மார்கள் இப்படிச் சொல்லக் கேட்கும்போது நமக்கும் மகிழ்ச்சிதான். விறகுப் புகை சாதாரணப் பகைவன் அல்ல. சமையலறையில் சேரும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புகை இல்லாத அடுப்பு நம் வீட்டுக்கு வருவதை நாம் வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே தாய்மார்களிடமிருந்து வேறொரு பேச்சும் வருகிறது. "இந்தக் கரண்டு அடுப்பு சனியன்! சோறு ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் வேகல. பில்லு வேற ஏறுது. தொட்டா சுரீர்னு அடிக்குது." இதைக் கேட்டுவிட்டு அடுப்பைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே போட்ட வீடுகளும் உண்டு. நான் சொல்ல வருவது இதுதான்: பெரும்பாலும் குற்றம் அடுப்பின் மேல் இல்லை. அதன் மேல் வைக்கும் சட்டியில் இருக்கிறது, அதைச் சொருகும் பிளக்கில் இருக்கிறது, அந்தப் பிளக்குக்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சட்டி. விறகு அடுப்பிலும் கேஸ் அடுப்பிலும் தீ நாக்கு நீட்டிச் சட்டியைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். ஆகவே அடி உருண்டையான குவாலிக்கும் சூடு நன்றாக ஏறும். கரண்டுத் தட்டு அடுப்பு அப்படியல்ல. தட்டில் எந்த இடம் ஒட்டுகிறதோ அந்த இடத்துக்குத்தான் சூடு போகும். உருண்டைக் குவாலியை அதன் மேல் வைத்தால் ஒரு வெள்ளிக் காசளவு இடம்தான் ஒட்டும். அந்த இடத்தில் கருகும், மற்ற இடத்தில் வேகாது. மீதிச் சூடு வீணாகக் காற்றில் போகும், பில் ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து, குவாலி ஆடும் என்பது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முறுக்குச் சுட உட்கார்ந்தார் ஒரு தாய். தட்டு அடுப்பின் மேல் பழைய உருண்டைக் குவாலி, அதில் நிறைய எண்ணெய். கரண்டி பட்டதும் குவாலி சாய்ந்தது. கொதிக்கும் எண்ணெய் காலில் கொட்டியது. ஓடி வந்தவர்கள் தண்ணீர் ஊற்றினார்களா? இல்லை! ஒருவர் பற்பசை தடவினார், இன்னொருவர் கிச்சாப் ஊற்றினார். கிளினிக்கில் அதையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் அந்தத் தாய் பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. இரண்டு மாதம் வேலைக்காட்டுக்குப் போக முடியவில்லை. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. இருபது முப்பது வெள்ளிக்கு ஒரு தட்டையான சட்டி வாங்கியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்குமா?

ஆகவே தாய்மார்களே, சட்டி வாங்கும்போது கடையிலேயே அதைச் சமமான மேசைமேல் வைத்து ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். அடிப்பாகத்தில் ஒரு அடிக்கோலைக் குறுக்கே வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அடி வளைந்திருக்கிறது என்று பொருள். அடி தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய சட்டி சீக்கிரம் நெளிந்துவிடும். தட்டின் அளவும் சட்டியின் அடியளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சட்டி சிறியதானால் சூடு வீண், கைப்பிடியும் சுடும். பெரியதானால் ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பொருத்தமான மூடி ஒன்றும் கேட்டு வாங்குங்கள். மூடி போட்டுச் சமைத்தால் நேரமும் மிச்சம், கரண்டும் மிச்சம். தட்டு அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். எனவே ஐந்து நிமிடம் முன்னதாகவே அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே குழம்பை வற்ற விடலாம். அணைந்துவிட்டதே என்று பிள்ளைகள் தட்டில் கை வைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பசார் மாலாமில்கூட விற்கும் இன்டக்‌ஷன் அடுப்பு வேறு ஜாதி. அது தட்டைச் சூடாக்குவதில்லை. காந்த சக்தியால் சட்டியையே சூடாக்குகிறது. காந்தம் ஒட்டாத சட்டி அதில் சூடேறாது. வீட்டில் ஒரு காந்தத் துண்டு இருந்தால் சட்டியின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் உதவும். இரும்புச் சட்டி, எனாமல் சட்டி ஒட்டும். வெறும் அலுமினியம், செம்பு, மண்சட்டி ஒட்டா. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. சோதித்த பிறகே காசைக் கொடுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்ட பிறகு இந்த அடுப்பை வாங்குங்கள்.

எந்த உலோகம் நல்லது என்று கேட்கிறார்கள். நம் பெரியவர்கள் ஈயச்சட்டி என்று சொல்லும் அலுமினியச் சட்டி இலேசானது, மலிவானது. சோறு வடிக்க, தண்ணீர் கொதிக்க வைக்கப் பரவாயில்லை. ஆனால் புளிக்குழம்பையும் ரசத்தையும் இரவு முழுக்க அதிலேயே வைக்காதீர்கள். புளிப்பு அந்த உலோகத்தை அரித்துச் சாப்பாட்டில் கலக்கும். எவர்சில்வரில் மாற்றி வையுங்கள். இரும்புச் சட்டியில் சமைத்தால் கொஞ்சம் இரும்புச் சத்து உணவில் சேரும். இரத்தச் சோகையால் வாடும் நம் பெண்களுக்கு அது நல்லதே. ஆனால் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஒட்டாத பூச்சுப் போட்ட சட்டியை வெறுமனே சூடேற விடக் கூடாது. சூடு 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெடத் தொடங்கிவிடும். அதற்கு மர அகப்பையையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது பிளக். இங்கேதான் ஆண்களே, உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. "சமையல் பொம்பளைங்க வேலை" என்று ஒதுங்கிவிட்டு, இரண்டு முள் பிளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில் குச்சியை விட்டுக் குத்தித் திணிப்பது யார்? ஃபியூஸ் போனால் அதற்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைப்பது யார்? நாம்தானே! மூன்று முள்ளில் நீளமானது எர்த்து முள். அடுப்பின் இரும்பு உடம்பில் கரண்டு கசிந்தால் அதைத் தரைக்குக் கொண்டுபோய் நம் உயிரைக் காப்பது அதுதான். அதை ஏமாற்றினால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நம் வீட்டுச் சாக்கெட்டு ஒன்று தாங்குவது 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். 2,000 வாட் அடுப்பையும் 2,200 வாட் தண்ணீர்க் கெண்டியையும் ஒரே சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் சொருகினால் மொத்தம் 4,200 வாட். 18 ஆம்பியர் ஆகிறது. வயர் சூடாகாமல் என்ன செய்யும்? அடுப்புக்குத் தனிச் சாக்கெட்டு வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே அடுப்புக்குப் பயன்படுத்துவதும் தவறு, பாய்க்கு அடியில் ஓட விடுவதும் தவறு. பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, பழுப்பேறியிருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். அடுப்பு வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வெள்ளி குறைகிறதே என்று முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.

வேலைக்காட்டிலிருந்து நனைந்து வந்து, ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று சுவிச்சைத் தொடாதீர்கள். கையைத் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு தொடுங்கள். சோறு பொங்கும் குக்கரின் உள்பானையை வெளிப்புறம் ஈரமில்லாமல் துடைத்த பிறகே உள்ளே இறக்குங்கள். கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். வயர் மேசைக்குக் கீழே தொங்கினால் தவழும் பிள்ளை இழுத்துவிடும்.

அப்படியும் விபத்து நேர்ந்தால்? சட்டியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். அடங்காவிட்டால் எல்லாரும் வெளியேறி 999-க்குப் போன் செய்யுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசை, கிச்சாப், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். கரண்டு பிடித்தவரை வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள்.

கடைசியாக வயர். சுவிச்சுப் பெட்டியில் 'டி' என்று போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். சுவிச்சு உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் காவல்காரன் தூங்குகிறான் என்று அர்த்தம். லைசென்சு உள்ள வயர்மேன் வந்து பார்க்க வேண்டும்.

"அதுக்கெல்லாம் காசுக்கு எங்க போறது? நிர்வாகத்துக்கிட்ட கேட்டா, அடுப்பை உன்னை யாரு வாங்கச் சொன்னாங்கறாங்க" என்று ஒரு தோழர் சொன்னார். தோழரே, கேட்பதற்குக் கூச வேண்டாம். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டுக்குப் போதிய தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதும், அந்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. உரித்த வயரும் கருகிய சாக்கெட்டும் பழுது இல்லாமல் வேறென்ன? எந்த லயத்தில், எந்த வீட்டில், என்ன பழுது என்று தேதி போட்டு எழுதி, ஒரு பிரதி கையில் வைத்துக்கொண்டு, தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். ஒரு வீடு கேட்டால் முனகல் என்பார்கள். ஒரு லயமே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டியைப் பார்த்து வாங்குவது தாயின் கையில் இருக்கிறது. பிளக்கை ஒழுங்காக வைப்பது தகப்பனின் கையில் இருக்கிறது. வயரைச் சரிசெய்ய வைப்பது நம் எல்லார் கையிலும் இருக்கிறது. இன்று இரவு சமையல் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள்: அந்த 'டி' பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்!