ஐப்பசியில் காந்தள் கிழங்கு கேட்காதீர்கள்



இரண்டு நாளாக ஒரு படம் சுற்றுகிறது: இப்போதே செங்காந்தள் கிழங்கு வாங்கி நட்டால் கார்த்திகை தீபத்துக்குப் பூத்துவிடுமாம். என்னிடம் படித்தவர்களே அதற்குக் கைதட்டியிருக்கிறீர்கள். தாவரவியல் சொல்லிக்கொடுத்த பாவத்துக்கு நான் பேசித்தான் ஆகவேண்டும்.

பூக்காது. முளைத்து, கொடியேறி, மொட்டுவிட இரண்டு மாதமாவது வேண்டும். ஆனி, ஆடியில் நட்டவர்களுக்குத்தான் கார்த்திகையில் பூ.

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது சார், எப்ப நட்டா என்ன?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பனி இல்லை தம்பி, மழை இருக்கிறதே! வேர் பிடிக்காத கிழங்கை வடகிழக்குப் பருவமழையில் களிமண்ணுக்குள் புதைத்தால் அழுகும். இந்தக் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளை. மாசியில் தோண்டி எட்டு மாதம் சும்மா கிடந்ததில் அந்த முளை நீண்டு, தொட்டால் ஒடியும். நுனி ஒடிந்தால் அந்தக் கை வீண். மூன்று வருடத்துக்கு முன் நானும் ஏமாந்தேன். கூரியரில் வந்த ஆறில் நான்கு ஒடிந்திருந்தன. மற்ற இரண்டும் மழையில் போயின.

"இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம்" என்கிற சமாதானமும் செல்லாது. நட்ட கிழங்கு அந்த வருடமே வற்றிவிடும். இலை தயாரிக்கும் உணவில்தான் புதுக் கிழங்கு திரளும். தாமதமாக நட்டால் இலைக்கு நாள் போதாது, கிழங்கு சுண்டுவிரல் அளவே தேறும். அடுத்த வருடமும் பூவுக்கு ஏங்க வேண்டியதுதான்.

நடாமல் மிஞ்சிய கிழங்கு எங்கே போகிறது? போன வருடம் என் தம்பி வீட்டில் சர்க்கரைவள்ளிக் கூடையில் பார்த்தேன். எனக்குக் கை கால் ஆடிவிட்டது. அதில் இருப்பது கோல்கிசின், உயிரைக் குடிக்கும் விஷம். பேத்தி வேறு அந்தக் கூடையை வைத்துத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தரையில் வேண்டாம். மணல் கலந்த தொட்டியில், மழை நேராக விழாத, வெயில் படுகிற இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தொட்டதும் கை கழுவுங்கள். பூவை மறந்து இலையைக் காப்பாற்றுங்கள்.

என் வேலிக் கொடிகள் இப்போது பூத்திருக்கின்றன. தையில் காய்ந்ததும் தோண்டுவேன். ஆனியில் வந்து கேளுங்கள், ஆளுக்கு இரண்டு தருகிறேன். இப்போது கேட்டால் யாருக்கும் கிடையாது, மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி.