தட்டினால் திறக்க எவ்வளவு நேரம்?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்கிறார்கள். கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் திரும்பிப் பார்க்கும் என்று யாரும் கேட்பதில்லை. கார், லேத், மருத்துவக் கருவி என்று கம்ப்யூட்டர் புகுந்துவிட்ட இடங்களில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஒரு சென்சாரில் ஏதாவது மாறினால் பிராசஸருக்கு மின் சமிக்ஞை போகிறது. இதற்கு இன்டரப்ட் என்று பெயர். பிராசஸர் கையிலுள்ள வேலையை விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த சமிக்ஞையைக் கவனிக்க வேண்டும். சமிக்ஞை வந்ததற்கும் கவனிக்க ஆரம்பிப்பதற்கும் இடையிலுள்ள தாமதமே இன்டரப்ட் லேட்டன்ஸி.

ஏன் தாமதம்? ஆபரேட்டிங் சிஸ்டம் சில வேலைகளைப் பாதியில் விட முடியாது. நினைவகத்தில் ஒரு பட்டியலைத் திருத்தும்போது நடுவில் எழுந்து போனால் கணக்குக் குழம்பிவிடும். எனவே அந்த நேரத்துக்குக் கதவைத் தாழிட்டுக் கொள்கிறது.

மோடம் காலத்திலேயே இதன் தொல்லை தெரிந்தது. பழைய பி.சி.க்களின் சீரியல் போர்ட்டில் இருந்த 8250 வகை சிப்பில் வந்த எழுத்து காத்திருக்க ஒரே ஒரு இடம். விநாடிக்கு 38,400 பிட் வேகத்தில் அடுத்த எழுத்து சுமார் 260 மைக்ரோசெகண்டில் வந்துவிடும். அதற்குள் பழையதை எடுக்காவிட்டால் ஓர் எழுத்து போயிற்று. பிறகு வந்த 16550ஏ சிப் 16 எழுத்துகளுக்கு இடம் தந்து அவகாசத்தைக் கூட்டியது.

எல்லாவற்றையும் இப்படிக் காக்க வைக்க முடியாது. ஏர்பேக்கை விரிக்கக் கிடைப்பது சில பத்து மில்லிசெகண்டுகள். ஆயிரம் தடவை 10 மைக்ரோசெகண்டில் விழித்துக்கொண்ட கம்ப்யூட்டர் ஒரே ஒரு தடவை 10 மில்லிசெகண்ட் தாமதித்தால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் அதற்குள் 28 செ.மீ. நகர்ந்திருக்கும். சராசரி பிரமாதமாக இருந்து பயனில்லை.

லினக்ஸில் இதைச் சரிசெய்ய இங்கோ மோல்னார், தாமஸ் கிளெய்க்ஸ்னர் போன்றோர் இருபது ஆண்டுகள் பாடுபட்டார்கள். பிரீஎம்ப்ட் ஆர்.டி. என்ற அவர்களது திட்டம், தாழ்ப்பாள்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றியது. இன்டரப்டைக் கவனிக்கும் வேலைகளையும் மற்றவற்றோடு வரிசையில் நிறுத்தி, அவசரமானதை முன்னே விட்டது. கடைசி முட்டுக்கட்டை எது தெரியுமா? கெர்னல் தன் நிலைமையைத் தானே அறிவித்துக்கொள்ளும் பிரின்ட்கே என்ற பகுதி! அதுவும் சீரானபின், 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12 பதிப்பில் இந்த வசதி அதிகாரபூர்வமாக இடம்பெற்றது.

இதற்கும் விலை உண்டு. அடிக்கடி எழுந்து போகிறவரால் மொத்தத்தில் கொஞ்சம் குறைவாகவே வேலை செய்ய முடியும். சம்பளப் பட்டியல் போடும் கம்ப்யூட்டருக்கு இது வேண்டாத செலவு. லேத்தை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு அவசியம்.

யாராவது 'ரியல் டைம்' என்று சொல்லி ஒரு கருவியை விற்க வந்தால், சராசரி எவ்வளவு என்று கேட்காதீர்கள். எல்லா வேலையும் ஒரேயடியாகத் தலையில் விழும்போது அதிகபட்சத் தாமதம் எவ்வளவு என்று கேளுங்கள்.