மெர்லயனுக்கு ஐந்து நிமிடம் போதும்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரே பட்டியல்தான்: மெர்லயன் சிலை, கரையோரப் பூந்தோட்டம், செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், கடைசி ராத்திரி முஸ்தபா கடை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் குடியிருக்கும் எனக்கு இதில் வருத்தம்தான். “இங்க என்னத்தே இருக்கு, நம்ம ஊர் கடைத்தெரு மாதிரிதானே?” என்பார்கள். இட்லி சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். போகிற வழியில் கெர்பாவ் சாலையில் வானவில் வண்ணத்தில் நிற்கும் வீட்டின் முன்னால் ஒரு படம். நம் ஆட்கள் யாரோ கட்டிய வீடு என்ற நினைப்பு. அது டான் தெங் நியா என்ற சீன வணிகர் 1900இல் கட்டியது. அந்த வண்ணங்களும் பிற்காலத்தில் பூசியவை.

நம் ஆட்கள் கட்டியதைப் பார்க்க வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, டோபி காட்டில் மாறி, அடுத்த நிலையமான நகர மண்டபத்தில் இறங்க வேண்டும். வெளியே வந்தால் வெள்ளை வெளேரென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இங்கே வந்திறங்கிய முதல் கூட்டமே மதராஸ் கைதிகள்தான். பிறகு வங்காளத்தார், பம்பாய்க்காரர்கள் என்று பலரும் வந்தார்கள்.

தேவாலயத்தின் உள்ளே தூணுக்கும் சுவருக்கும் அவர்கள் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுக் களியாகப் பிசைவார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரை அதில் விட்டுக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், பளபளப்பு ஏறும்வரை. காரைக்குடி வீட்டுச் சுவரில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவம் விளங்கும். எத்தனை ஆயிரம் முட்டை உடைத்தார்களோ! அந்த மஞ்சள் கருவெல்லாம் யார் வயிற்றுக்குப் போயிருக்கும் என்றுதான் என் யோசனை ஓடும்.

1869இல் கட்டி முடித்த இஸ்தானாவும், அதாவது அதிபர் மாளிகையும், அதே கைதிகளின் உழைப்பு. தீபாவளியை ஒட்டி அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். அந்தச் சமயத்தில் வருகிறவர்கள் தவற விடக்கூடாது. அந்தக் கைதிகள் அடைபட்டிருந்த பிராஸ் பசா சிறையையும் அவர்களே எழுப்பியதுதான் வேடிக்கை. கைதிகளை இங்கே வைத்திருந்த ஏற்பாட்டை 1873இல் கலைத்துவிட்டார்கள்.

கோயிலைக் கட்டிய நாராயண பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியும். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்கு இடம் அமைத்தவர். கும்பிட்டுவிட்டு வருகிறோம். காலில் சங்கிலியோடு ஊரைக் கட்டியவனுக்குப் பெயரும் இல்லை, பயணப் பட்டியலில் இடமும் இல்லை. குற்றவாளிதானே என்ற கூச்சம் இருக்கலாம். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

1972இல் நிறுவிய மெர்லயனையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். சென்னையிலும் திருச்சியிலும் நாலு நாள் சுற்றுலா விற்கும் நிறுவனங்களிடம் நான் கேட்பதெல்லாம் ஒரு மணி நேரம். தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடக்கும், வார நாளாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். நேரம் போதாதென்றால் செந்தோசாவில் குறைத்துக்கொள்ளலாம்.