வட கொரியா ஆர்வெல்லின் நாவல் அல்ல

வட கொரியா பற்றிப் பேச்சு எழுந்தாலே, ‘ஆர்வெல் 1984 நாவலில் எழுதியது அங்கே அப்படியே நடக்கிறது’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பொருந்தும் இடங்கள் உண்டு. கிம் ஜாங் உன்னின் அத்தை கணவர் ஜாங் சாங் தேக்குக்கு 2013 டிசம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பழைய ஆவணப்படக் காட்சிகளிலிருந்தும் அவர் உருவம் நீக்கப்பட்டது. நாவலின் நாயகன் வின்ஸ்டன் அலுவலகத்தில் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். ஆனாலும் இந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. இரண்டரைக் கோடி மனிதர்களின் உண்மையான வாழ்க்கையை அது மறைத்துவிடுகிறது.

கண்காணிப்பு ஒன்றுதானே என்கிறார்கள். நாவலில் வேவு பார்க்கும் சுவர்த்திரையின் பார்வை ஆளும் கட்சிக்காரர்கள் மீதுதான். மக்களில் 85 விழுக்காடான பாமரர்களைக் கட்சி பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வட கொரியாவில் அப்படிக் கைவிடப்பட்டவர் எவருமில்லை. சில பத்து வீடுகளுக்கு ‘இன்மின்பான்’ என்ற ஓர் அக்கம்பக்கக் குழு, பெரும்பாலும் அதற்கொரு தலைவி. யார் வீட்டில் யார் இரவு தங்கினார் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் அந்த நாட்டில் வேவு பார்ப்பது அக்கம்பக்கத்து மனிதர்கள்.

தலைவர் வழிபாடும் ஒன்றல்ல. கட்சித் தலைவரான பெரியண்ணன் என்றொருவர் உண்மையில் இருக்கிறாரா என்பதே நாவலில் தெளிவில்லை. கிம்கள் தாத்தா, மகன், பேரன் என்று ஆளும் ஒரே குடும்பம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு பிறப்பு. ஆர்வெல்லின் கட்சியில் பதவி பரம்பரைச் சொத்தல்ல. பதினாறு வயதில் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். வட கொரியாவிலோ ‘சோங்புன்’ இருக்கிறது. ஜப்பானிய ஆட்சிக் காலத்திலும் கொரியப் போரிலும் உங்கள் பாட்டனார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வைத்து, விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், பகைவர்கள் என்று குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. பாட்டனார் நிலக்கிழாராக இருந்திருந்தால், அவரைப் பார்த்தேயிராத பேத்திக்கு நல்ல பல்கலைக்கழகம் எட்டாது. பியோங்யாங்கில் குடியிருப்பும் கிடைக்காது. சமத்துவத்தின் பெயரால் 1948இல் நிறுவப்பட்ட நாடு இது! இந்தக் கொடுமையை நாவலில் தேடினால் கிடைக்காது. ஆகவே நாவலை அளவுகோலாக வைப்பவர் கண்ணுக்கு இது படுவதுமில்லை.

‘அங்கே எதுவும் மாறாது’ என்ற முடிவும் நாவலிலிருந்து கடன் வாங்கியதே. வின்ஸ்டன் உடைந்துபோகிறான், கதை முடிகிறது. ஆனால் 1990களின் நடுவில் அரசின் உணவுப் பங்கீடு குலைந்து, லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தபோது, உயிரோடிருந்த பெண்கள் வீட்டிலிருந்ததை எடுத்துக்கொண்டு விற்க உட்கார்ந்தார்கள். ‘ஜங்மாதாங்’ எனப்படும் அந்தச் சந்தைகளை அரசால் முழுமையாக ஒழிக்க முடியவில்லை. தென் கொரியத் தொடர்கள் பென் டிரைவில் எல்லை தாண்டி வந்தன. அவற்றை ஒடுக்க 2020இல் கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

வின்ஸ்டனைப் போல எல்லோரும் உடைந்துபோகவும் இல்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தப்பித் தென் கொரியாவை அடைந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். அப்படித் தப்பி வந்தவர்களில் பலர் 2013இல் சியோலிலும் டோக்கியோவிலும் லண்டனிலும் ஐ.நா. விசாரணைக் குழுவின் முன் வந்து, சிறை முகாம்களில் தாங்கள் பட்டதைப் பலரறியச் சொன்னார்கள்.