ஜன்னல் கட்சி

ராயபுரத்தில் ஏதாவது ஒரு பழைய தெருவுக்குள் போய், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒலியும் ஒளியும்' எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "எங்கள் வீட்டில்" என்பவர் சிலர்தான். "எதிர்வீட்டு ஜன்னலில்" என்பவரே அதிகம்.

அடியேனும் ஜன்னல் கட்சிதான். வீட்டுக்கார அம்மாளுக்கு மனசு நன்றாக இருந்தால் கூடத்தில் உட்கார இடம் கிடைக்கும். இல்லாவிட்டால், பாதிப் பாட்டில் கதவு படாரென்று சாத்தப்படும்!

டில்லியில் 1959-லேயே டெலிவிஷன் வந்துவிட்டது. சென்னைக்கு வந்து சேர 1975 ஆகஸ்டு ஆயிற்று. வந்த வேளையாவது நல்ல வேளையா? நெருக்கடி நிலை பிரகடனமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சர்க்கார் பேசும், ஜனங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். 1976 ஏப்ரலில் வானொலியை விட்டுப் பிரிந்து 'தூர்தர்ஷன்' தனிக்குடித்தனம் போயிற்று. எஜமானர் மட்டும் மாறவில்லை.

வேடிக்கையைப் பாருங்கள். 1985 வரை அந்தப் பெட்டிக்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் பணம் கட்டியவர்கள் நாம். ஆனால் நம் குரல் உள்ளே போக இருந்த வழி, 'எதிரொலி'க்குப் போடும் கடுதாசி ஒன்றுதான்!

1982-ல் வர்ணம் வந்தது. நிலையத்துக்குத் தன்னாட்சி தரும் பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறி, 1997-ல்தான் அமலுக்கு வந்தது. 2000-ல் 'பொதிகை' என்று பெயர் சூட்டினார்கள். 2024 ஜனவரியில் அது 'டி.டி. தமிழ்' ஆயிற்று. செலவுக்குப் பெரும்பணம் இன்றும் சர்க்கார் கஜானாவிலிருந்துதான். அதாவது, உங்கள் வரிப்பணம், என் வரிப்பணம்.

"இத்தனை சானல் இருக்கும்போது அது எதற்கு?" என்கிறீர்களா? காசிமேட்டுக்காரர் கடலுக்குப் போகலாமா, கூடாதா என்று சொல்லும் செய்திக்கு எந்த சோப்புக் கம்பெனி விளம்பரம் கொடுக்கும்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப்போயின. அந்த மாதிரி சமயத்தில், யாருடைய முகத்தையும் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி சொல்ல ஜனங்களுக்கென்று ஒரு நிலையம் வேண்டாமா?

ஆகவே, நல்லது காட்டினால் பாராட்டுங்கள். மழுப்பினால் கண்டித்து ஒரு கடுதாசி போடுங்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்ற காலம் போதும்!