கிரெடிட் கார்டு தரும் கொசுறு

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினவர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்காமல் கடையை விட்டு நகர்வதில்லை. கடைக்காரரும் முகம் சுளிக்காமல் கொடுத்து விடுகிறார். கறிவேப்பிலையின் விலை கத்தரிக்காயின் விலையிலேயே சேர்ந்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்த ரகசியம். கிரெடிட் கார்டு வைத்திருப்போருக்கு ‘கேஷ் பேக்’ என்றும் ‘ரிவார்டு பாயிண்டு’ என்றும் பாங்கிகள் வாரி வழங்குவதாக விளம்பரம் செய்யும் கொசுறும் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. கறிவேப்பிலைக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இதற்குப் பார்த்தே தீர வேண்டும்.

நியூயார்க் நகரில் 1950-ல் ‘டைனர்ஸ் கிளப்’ அட்டை பிறந்தபோது அது ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பணம் கொடுக்கும் வசதியாக மட்டுமே இருந்தது. அமெரிக்காவில் 1986-ல் பரவலாக வழங்கப்பட்ட ‘டிஸ்கவர்’ கார்டு, செலவழித்த தொகையில் ஒரு சிறு பங்கை ஆண்டுக்கு ஒரு முறை திருப்பிக் கொடுத்துப் புதிய ஆசை காட்டியது. இந்தியாவில் சென்ட்ரல் பாங்கி 1980-ல் கார்டு வெளியிட்டது. அன்று பெரிய உத்தியோகஸ்தர்களின் சட்டைப் பையில் மட்டும் இருந்த அட்டை, இன்று மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவிடமும் இரண்டு மூன்று இருக்கிறது. 2022-ல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைக்க அனுமதி கிடைத்த பிறகு, டீக்கடையில்கூடக் கடனில் வடை சாப்பிடலாம் என்றாகி விட்டது!

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நூறு ரூபாய்க்குப் பொருள் விற்கும் கடைக்காரருக்கு நூறு ரூபாயும் கைக்கு வருவதில்லை. சுமார் ஒன்றரை, இரண்டு ரூபாயைப் பாங்கிகளும் கார்டு ஸ்தாபனங்களும் பிடித்துக் கொள்கின்றன. அதில் ஒரு பகுதிதான் கேஷ் பேக்காகத் திரும்புகிறது. கடைக்காரர் இந்தச் செலவைப் பொருளின் விலையில் ஏற்றுவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆகவே ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் கார்டுக்காரரின் கொசுறில் தம் பங்கைச் செலுத்துகிறார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பெடரல் ரிசர்வ் பாங்கி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதைக் கணக்கிட்டுக் காட்டியது. ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை இழக்கிறது. கார்டில் வாங்கும் ஒரு குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்பது அதன் முடிவு.

இரண்டாவது ஊற்று இதைவிடப் பெரியது. பில்லை முழுவதும் கட்டாமல் பாக்கி வைப்பவர்கள் கொடுக்கும் வட்டியே அது. கொசுறின் லாபத்தைப் பற்றிப் பேசுமுன் இந்த வட்டியைப் பற்றிப் பேசுவதே முறை.

ஒரு குடும்பஸ்தர் மாதம் 20,000 ரூபாய் கார்டில் செலவிடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு சதவிகிதம் கேஷ் பேக் என்றால் மாதம் 200 ரூபாய். ஆண்டுக்கு 2,400 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 590 போனாலும் 1,810 ரூபாய் மிஞ்சும். நல்ல லாபம்தான். ஆனால் ஒரே ஒரு மாதம் கை கடித்து, பில்லில் அச்சிட்டிருக்கும் ‘மினிமம் டியூ’ 1,000 ரூபாயை மட்டும் கட்டி விடுகிறார். பாக்கி 19,000. மாதம் மூன்றரை சதவிகிதம் வட்டி என்றால் 665 ரூபாய். அந்த வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, அது 119 ரூபாய் 70 காசு. ஆக மொத்தம் 784 ரூபாய் 70 காசு. ஏறக்குறைய நான்கு மாதக் கொசுறு ஒரே மாதத்தில் போயிற்று. இதோடும் நிற்பதில்லை. பாக்கி வைத்தவருக்குப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத சலுகைக் காலம் கிடையாது.

மாதம் மூன்றரை என்று கேட்கும்போது உறைப்பதில்லை. ஆண்டுக்கு 42 சதவிகிதம் என்று சொன்னால்தான் தூக்கிவாரிப் போடுகிறது. ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வியாபார முறை என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பர் 20-ந் தேதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்து விட்டது. ஆகவே கோர்ட்டு காப்பாற்றும் என்று எவரும் காத்திருக்க வேண்டாம். மாதா மாதம் முழுத் தொகையையும் கட்ட முடியாதவருக்குக் கேஷ் பேக் என்பது சல்லடையில் பிடித்த தண்ணீர். அவர் கார்டை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் பாக்கியைத் தீர்க்கும் வழியைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். முழுத் தொகையும் தானாகவே கட்டப்படும்படி பாங்கிக் கணக்குடன் கார்டை இணைத்து வைப்பது மறதிக்காரர்களுக்கு நல்ல மருந்து. அதிலும் ‘மினிமம்’ என்ற கட்டத்தில் கை தவறிக் குறியிட்டுவிடக் கூடாது.

முழுவதும் கட்டுகிறவர்களுக்கு இனி வருவது சாமர்த்தியக் கணக்கு. கேஷ் பேக்கில் ரூபாய் ரூபாயாகவே தெரிகிறது. பாயிண்டு அப்படியல்ல, அது பாங்கி தானே அச்சடிக்கும் நாணயம். 150 ரூபாய்க்கு இரண்டு பாயிண்டு என்றும், பாயிண்டு ஒன்றுக்கு 25 காசு என்றும் கொண்டால், மேலே சொன்ன குடும்பஸ்தர் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் செலவழித்து 3,200 பாயிண்டு சேர்ப்பார். மூவாயிரத்து இருநூறு என்றதும் மனம் குளிர்கிறது. மாற்றினால் 800 ரூபாய். அதாவது நூற்றுக்கு 33 காசு. அதை வாங்கிக் கொள்ள 99 ரூபாய் கட்டணமும் அதன் மேல் வரியும் கேட்கும் பாங்கிகளும் உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் பாயிண்டு காலாவதியாகி விடுவதும் உண்டு. பாயிண்டுகளைத் தேங்க விடாமல், வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக மாற்றினால் கட்டணம் ஒரு தடவையோடு போகும். பாங்கியின் பட்டியலில் உள்ள இஸ்திரிப் பெட்டிக்கும் பிளாஸ்குக்கும் ஆசைப்படுவதைவிட, அதே பொருளின் கடை விலையை விசாரித்துவிட்டு முடிவு செய்வது நல்லது. பில்லில் கழித்துக் கொள்ளும் வழி இருந்தால் பல சமயம் அதுவே மேல்.

கார்டைத் தேர்ந்தெடுப்பதிலும் விளம்பரத்தைப் பார்க்காமல் வீட்டுச் செலவு நோட்டைப் பார்க்க வேண்டும். மளிகையும் துணிமணியும் இணையக் கடைகளில் வாங்கும் குடும்பத்துக்கு அங்கே 5 சதவிகிதம் தரும் கார்டு பொருந்தும். விமானத்தில் ஏறாதவருக்கு விமான நிலைய ஓய்வறைச் சலுகை எதற்கு? மேலும் 5 சதவிகிதம் என்ற பெரிய எழுத்துக்கு அடியில் ‘மாதம் 1,000 ரூபாய் வரை’ என்று சிறிய எழுத்து இருக்கும். 20,000 ரூபாய்க்கு வாங்கியதும் அந்த வரம்பு நிறைந்து விடும். வரம்பு பில் மாதத்தைப் பொறுத்ததானால், பண்டிகைக்கு வாங்க வேண்டிய குளிர்சாதனப் பெட்டியைப் பில் தேதிக்கு முன்பும், வாஷிங் மெஷினைப் பில் தேதிக்குப் பின்பும் வாங்கினால் இரண்டு மாத வரம்பும் பயன்படும். பில் தேதி 15 என்றால், 16-ந் தேதி வாங்கிய பொருளுக்கு ஏறக்குறைய 50 நாள் தவணை கிடைக்கும். 14-ந் தேதி வாங்கியதற்கு 20 நாள் சொச்சம்தான். சம்பளத் தேதிக்கு ஒத்து வராத பில் தேதியை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையையும் ரிசர்வ் பாங்கியின் விதிகள் அளித்திருக்கின்றன.

ஆண்டுக்கு இவ்வளவு செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்பது இன்னொரு தூண்டில். 590 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக, வேண்டாத சாமான்களை 15,000 ரூபாய்க்கு வாங்கிப் பரணில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கணக்கு எடுபடாது!

பெட்ரோல், வாடகை, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்குப் பல கார்டுகள் பாயிண்டு தருவதில்லை. ‘கார்டு என்றால் இரண்டு சதவிகிதம் கூடுதல்’ என்று சொல்லும் கடையில் ஒரு சதவிகிதக் கேஷ் பேக்குக்காகக் கார்டை நீட்டுவது நஷ்டம். ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி ரொக்கம் எடுத்தால் கட்டணமும் உண்டு. அன்றே வட்டியும் தொடங்கும். வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வருவதில் வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கொடுத்தாலும், வட்டியின் மேல் விழும் ஜி.எஸ்.டி.யும் நடைமுறைக் கட்டணமும் வாங்குகிறவர் தலையில்தான். ரொக்க விலையையும் கேட்டுவிட்டுத் தவணைக்குச் சம்மதிப்பது உசிதம்.

பாங்கிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அரிசி மூட்டையின் மேல் எடையையும் விலையையும் அச்சிட வேண்டும் என்று சர்க்கார் வியாபாரியைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரு பாயிண்டின் மதிப்பு இத்தனை காசு என்று மாத பில்லின் முதல் பக்கத்தில் அச்சிடும்படி பாங்கிகளை ஏன் கட்டாயப்படுத்தக் கூடாது? வருஷத்தின் நடுவில் அந்த மதிப்பைக் குறைத்துவிட்டு, ஒரு மின்னஞ்சலோடு கடமை முடிந்தது என்று இருப்பதும் சரியல்ல. செலவழித்த பின் கொசுறின் அளவை மாற்றும் கடைக்காரரைத் தெருவே திட்டித் தீர்த்திருக்கும். ஏற்கெனவே சேர்ந்த பாயிண்டுகளுக்குப் பழைய மதிப்பே செல்லும் என்று ஒரு விதி வருவது அவசியம்.

கணக்குப் பார்த்து, லாபமில்லை என்று தெரிந்து, கார்டை வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர் முதலில் மீதியுள்ள பாயிண்டுகளை மாற்றிக் கொள்ள வேண்டும். கார்டு போனால் அவையும் போய்விடக் கூடும். பிறகு பாக்கி ஏதுமில்லாமல் தீர்த்துவிட்டு எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஏழு வேலை நாட்களுக்குள் பாங்கி கார்டை ரத்து செய்தாக வேண்டும் என்பது 2022-ல் ரிசர்வ் பாங்கி விதித்த விதி. தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளைக்கும் 500 ரூபாய் வீதம் அபராதத்தை வாடிக்கைக்காரருக்கே கொடுக்க வேண்டும். விண்ணப்பித்த தேதியைக் குறித்து வைத்துக் கொண்டவரே அதைக் கேட்டு வாங்க முடியும்.