அறிவிப்பு வரும் வழி

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் பல உள்ளன. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தோரும் அவற்றில் பணிபுரிகின்றனர். அங்கே ஒரு பட்டறையில் செய்த போல்ட்டில் மற்றொரு பட்டறையின் நட் பிசகின்றிப் பொருந்துகிறது. போல்ட்டின் குறுக்களவு 10 மில்லிமீட்டர் எனில், மரைப்புரிகளின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்பது உலகறிந்த பொது அளவு. அவ்வளவை அறிந்த எவரும் நட் செய்யலாம். ஒருவரிடமே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கைப்பேசி அறிவிப்புகளுக்கும் இத்தகைய பொது அளவு வேண்டும்.

செயலி மூடியிருக்கும்போதும் ஊரிலிருந்து செய்தி வந்ததை மணியோசை உணர்த்துகிறது. ஒவ்வொரு செயலியும் தன் வழங்கியோடு ஓயாது தொடர்பு கொண்டால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே, எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு என்னும் ஏற்பாட்டை ஆப்பிள் நிறுவனம் 2009இலும் கூகுள் நிறுவனம் 2010இலும் கொண்டுவந்தன. ஏற்பாடு சிறந்ததே. ஆயினும், அந்த இணைப்பு அந்நிறுவனங்களின் வழங்கிகள் வழியாகவே செல்கிறது. கூகுள் சேவைகள் இல்லாத கைப்பேசிகளில் பல செயலிகளின் அறிவிப்புகள் வருவதே இல்லை.

செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு பூட்டி அனுப்பினாலும், எந்தச் செயலிக்கு எப்போது செய்தி வந்தது என்பது வழங்கியை நடத்துவோருக்குத் தெரியும். அரசுகள் இவ்விவரங்களை அவ்விரு நிறுவனங்களிடமும் கேட்டுவருவதாக, அமெரிக்க செனட் உறுப்பினர் ரான் வைடன் 2023 டிசம்பரில் வெளிப்படுத்தினார். வழங்கியை நடத்துபவர் யாராயினும் இவ்விவரம் அவர் கைக்குச் செல்லும். எனவே, அவர் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயனருக்கு வேண்டும்.

யூனிஃபைடுபுஷ் என்னும் திறமூலத் திட்டம் அவ்வுரிமையைத் தருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அறிவிப்புகளைப் பெற்றுத் தரும் செயலி ஒன்றைப் பயனரே தேர்ந்து நிறுவுகிறார். அச்செயலி ஒரே இணைப்பின் வழியே செய்திகளைப் பெற்று உரிய செயலிகளிடம் சேர்க்கிறது. அதனால் மின்கலமும் வீணாவதில்லை. எலிமெண்ட், டஸ்கி ஆகிய செயலிகள் இம்முறையை ஏற்றுள்ளன. இதன் விதிகளும் நிரலும் வெளிப்படையானவை. ஒரு கல்லூரியோ நண்பர் குழுவோ தனக்கென ஒரு வழங்கியை நடத்தலாம்.

“இப்போதுள்ள முறையே நன்றாக இயங்கும்போது மாற்று எதற்கு?” எனச் சிலர் வினவுவர். வழங்கியை நடத்தப் பணமும் உழைப்பும் தேவை என்பது உண்மை. ஐபோனில் இம்முறைக்கு இடமில்லை என்பதும் உண்மை. ஆகவே, அனைவரும் இன்றே மாற வேண்டும் என்பதில்லை. ஆனால், பள்ளி, மருத்துவமனை, போக்குவரத்து முதலிய பொதுச் சேவைகளின் செயலிகளேனும் இவ்வழியையும் சேர்த்து வழங்க வேண்டும். தேர்வு நாள் மாறியதையும் மருத்துவர் அழைத்ததையும் அறிய, மக்கள் ஒரு தனியார் நிறுவனத்தின் வாயிலை மட்டுமே நம்பியிருத்தல் முறையன்று.

பீன்யாவின் சிறு பட்டறைகள் பெரும் ஆலைகளுக்கும் பொருள் செய்து தருகின்றன. பொது அளவு அதற்குத் துணை நிற்கிறது. செய்தி உலகிலும் சிறியோர்க்கு இடம் வேண்டுமெனில், அங்கும் பொது அளவே துணை.